கணக்குக் கேளாத ஊர்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி நாள், புதன்கிழமை இரவு. இஷாத் தொழுகை முடிந்ததும் எமதூர்ப் பள்ளிவாசலின் முகப்பில் ஜமாஅத்துக் கூட்டம் கூடிற்று. எடுத்துக்கொண்ட பொருள் நோன்புக் கஞ்சிக் கணக்கு. அரிசி இத்தனை மூட்டை, விறகு இத்தனை வண்டி, காய்ச்சியவருக்குக் கூலி இவ்வளவு என்று பொருளாளர் வாசித்து முடித்தபோது ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் உதைத்தது. அவ்வளவுதான்! இரண்டரை மணி நேரம் பள்ளிவாசலின் தூண்கள் அதிர்ந்தன. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, ஊர்ப் பொருள் அமானத்துப் பொருள், அதில் ஒரு பைசா குறைந்தாலும் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். கடைசியில் மசாலாக் கடைச் சீட்டு ஒன்று பொருளாளரின் சட்டைப் பையிலிருந்தே கிடைத்தது. எல்லோரும் ஸலவாத்து ஓதிக் கலைந்தார்கள். நள்ளிரவு நெருங்கிவிட்டது.

அந்தப் பெரியவரின் கேள்வியை நாம் குறை கூறவில்லை. பொதுப் பொருளுக்குக் கணக்குக் கேட்பது நல்ல ஊரின் அடையாளம்.

மறுநாள் மே முதல் தேதி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வேப்பமரத்தடியில் கிராம சபைக் கூட்டம் நடந்தது. படிவம் 30 என்று அரசாங்கம் பெயரிட்டிருக்கும் வரவு செலவுக் கணக்கைப் பெரிய பதாகையாக அச்சிட்டு இரண்டு கம்புகளுக்கு இடையே கட்டியிருந்தார்கள். அதிலிருந்த தொகைகள் ஆயிரங்களில் இல்லை, லட்சங்களில் இருந்தன. குடிநீர், தெருவிளக்கு, மோட்டார் பழுது, துப்புரவு, பிளீச்சிங் பவுடர் எனத் தலைப்புகள் வரிசையாக நின்றன. எதிரே அமர்ந்திருந்தவர்கள், அன்றைய நூறுநாள் வேலைத் திட்டத்தின் பெண்மணிகள். வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். வெயிலைப் பார்த்துப் பார்த்து, எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். நம் முஹல்லாவிலிருந்து வந்தவர்கள் இருவரே. குடும்ப அட்டையில் பெயர் நீக்கும் விஷயமாக வந்த ஓர் இளைஞர் ஒருவர்; மற்றவர் நாம். செயலர் வாசித்தார், பற்றாளர் தலையசைத்தார், அரைமணி நேரத்தில் கூட்டம் நிறைவுற்றது. எவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. இதை மறைப்பானேன்?

ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்க்காக நள்ளிரவு வரை விழித்திருந்த ஊர், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தன்னுடைய லட்சக்கணக்கான ரூபாய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது எங்கே போயிருந்தது? கஞ்சிப் பணம் அமானத்து என்றால் வீட்டு வரிப் பணம் யாருடையது? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் நம்மவரிடம் கேட்க வந்திருக்கிறோம். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்க.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் பிறந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். விண்ணப்பம் வேண்டாம், சந்தா வேண்டாம், எவருடைய சிபாரிசும் வேண்டாம். கிராமத் திட்டத்தையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் ஏற்பதும், தணிக்கை அறிக்கையை ஆராய்வதும் அந்தச் சபையின் பணிகள். குறைவெண் வரம்பும் உண்டு: மக்கள் தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர் கூடியிருக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபையை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு முறை கூட்டுவதென அரசு முடிவு செய்தது. ஆறு முறை! நம் முஹல்லாக்களில் ஜமாஅத்துப் பொதுக்குழு ஆண்டுக்கு இரு முறை கூடினாலே அதிசயம்.

இதைச் சொன்னால் நம் கனவான்கள் புன்னகைக்கிறார்கள். "அதெல்லாம் கூத்து, ஹஜரத்! ஏட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானத்தை முன்னமேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் போய் என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஏடு வீடு தேடி வருவது ஏன்? வீட்டிலிருப்பவர் சபைக்கு வராததால்தானே? அவர் திண்ணையில் சாய்ந்தபடி ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு அதே திண்ணையில் அமர்ந்து கூத்தென்று ஏசுகிறார். கூத்தாடியவர்களில் தாமும் ஒருவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஊராட்சியால் ஒன்றும் ஆகாது என்போர் கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியின் வரலாற்றைக் கேட்க வேண்டும். 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தலைவராயிருந்தவர் சண்முகம் என்பவர். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் செலுத்தும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை விழுங்குவதைக் கண்ட அவர்கள், சொந்தச் சேமிப்பு 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடன் 1 கோடியே 15 லட்சமும் சேர்த்து 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவினார்கள். ஒரு கிராம ஊராட்சி மின்சாரம் உற்பத்தி செய்து, தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றது. காற்றாலை நின்ற இடத்தின் பெயர் மைவாடி. பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு மையவாடி நினைவு வரும். ஆயினும் அங்கே புதைக்கப்பட்டது எதுவுமில்லை. நம் ஊர்களில்தான் உயிருள்ள ஊராட்சியைப் புதைத்துவிட்டு ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருக்கிறோம்.

இனி, நம் சமுதாயத்துக்கே உரிய மறுமொழிக்கு வருவோம். இதுதான் இக்கட்டுரையின் மையம். "ஊராட்சியிடம் போய் நிற்பானேன்? அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கிறான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். நம் தெருவை நாமே பார்த்துக்கொள்கிறோம்" என்பது அந்த மறுமொழி. கேட்பதற்குத் தன்மானம் போலத் தோன்றும். சற்றே உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சோம்பலும் கொஞ்சம் பெருமையும்.

எமதூர் அனுபவத்தையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கோடையில் குடிநீர் வறண்டது. வளைகுடாவில் வேலை செய்யும் வாலிபர்கள் தங்களுக்குள் வசூலித்துப் பணம் அனுப்பினார்கள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, மேலே தொட்டி கட்டி, பளிங்குக் கல்லில் பெயர்களும் பொறித்தாயிற்று. குழாய் மூன்று தெருக்களுக்குப் போயிற்று. அவை சந்தா ஒழுங்காகச் செலுத்தும் மூன்று தெருக்கள். வாய்க்காலுக்கு அப்பால் குடிசைகளில் இருந்த நம்மவர்க்கும், அவர்களை அடுத்திருந்த பிற சமயத்து ஏழை மக்களுக்கும் குழாய் போகவில்லை; பணம் போதவில்லை என்றார்கள். நான்காம் ஆண்டு மோட்டார் எரிந்தது. மாற்றுவதற்கு வசூல் தொடங்கினார்கள். அனுப்பியவர்களில் பாதிப்பேர் அதற்குள் வேலையிழந்து ஊர் திரும்பியிருந்தார்கள். தொட்டி நிற்கிறது, பளிங்குக் கல் மின்னுகிறது, தண்ணீர் இல்லை.

இதில் எவரையும் நாம் பழிக்கவில்லை. அவர்களுடைய எண்ணத்துக்கு நற்கூலி உண்டு. ஆனால் சட்டத்தின் 110ஆவது பிரிவைப் பாருங்கள்: ஊராட்சிச் சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, பொதுக்கழிப்பிடம், குடிநீர், இடுகாடு சுடுகாடு இவற்றை அமைப்பதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை. கடமை என்றே சட்டம் சொல்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆம் நிதிக்குழு மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்று கட்டியே வைத்திருந்தார்கள். அந்த அறுபது பங்கு எமதூரில் எந்தத் தெருவுக்குப் போயிற்று? மூன்று தெருக்களுக்கு நாமே தண்ணீர் கொடுத்துக்கொண்டோம். ஆதலால் அங்கே கேட்பாரில்லை. வாய்க்காலுக்கு அப்பாலிருப்போர் கேட்டிருக்கலாம். அவர்களோ கேட்கத் தெரியாதவர்கள். கேட்கத் தெரிந்தவர்கள் தங்கள் தாகம் தீர்ந்ததும் சபையை விட்டு விலகிக்கொண்டோம். நம் தர்மத்தால் அந்த ஏழைகள் துணையிழந்து நின்றார்கள்.

ஓர் அறைக்கு எட்டுப் பேர் முறைவைத்துப் படுத்துறங்கி, பெருநாளைக்கும் பிள்ளை முகம் காணாது ஈட்டிய பணம் அது. அதைக் கொண்டுவந்து, ஏற்கெனவே வரி செலுத்திய தெருவின் சாக்கடையில் கொட்டுகிறோம். ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று நம் மத்ரஸாவின் சிறு பிள்ளையும் ஒப்பிப்பான். தெருச் சாக்கடை அந்த எட்டில் எங்கே வருகிறது? 'ஃபீ ஸபீலில்லாஹ்' என்பதை எவ்வளவுதான் விரித்தாலும் சிமெண்ட் குழாய் வரை அது நீளாது. ஸதகாவிலிருந்து கொடுத்தோம் என்பீர்கள். சரி, அந்த ஸதகாவால், கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாமல் படிப்பை நிறுத்திய முஹல்லாப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேரைக் கரையேற்றியிருக்கலாம்! சாக்கடைக்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உங்களை விட்டால் யார்?

"நாம் கேட்டால் செய்யமாட்டார்கள், நம் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள்" என்று சிலர் மெல்லிய குரலில் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அப்படி நடப்பதே இல்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மையவாடிக்குப் போகும் வழியில் ஒரு சிறு பாலம் இடிந்து, மழைக்காலத்தில் ஜனாஸாவை முழங்கால் நீரில் சுமந்து போகும் நிலை எமதூரில் இருந்தது. மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தோம். முதல் முறை அதிகாரி இல்லை, இரண்டாம் முறை இருந்தார், பார்க்கவில்லை, மூன்றாம் முறை நம் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கிராம சபைத் தீர்மானம் இருக்கிறதா?" என்று கேட்டார். நம்மிடம் இருந்தது ஜமாஅத்தின் முகப்புத்தாளில், பச்சைப் பிறை முத்திரையுடன், முத்தவல்லியும் செயலாளரும் ஒப்பமிட்ட மிக அழகான மனு. அதை அவர் ஒதுக்கி வைத்தார். நமக்குச் சினம் வந்தது; நம் சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டார் என்றே கடைத்தெருவில் பேசிக்கொண்டோம். பிறகு ஆறியமர்ந்து யோசித்தபோதுதான் விளங்கிற்று: அவர் கேட்டது சட்டப்படியான தாளை. நாம் கொடுத்தது நம் மரியாதைக்குரிய தாளை. அடுத்த ஆகஸ்ட் 15 அன்று நாற்பது பேர் போய் அமர்ந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்கவில்லை. பாலம் வர மேலும் பதினோரு மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. அந்த நாற்பது பேரும் பாலம் வந்த கையோடு சபைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊராட்சிக்குத் தலைவரே இல்லாத காலங்களில் நம்மவர் அடைந்த நிம்மதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 27 மாவட்டங்களில் (மயிலாடுதுறை பிரிந்தபின் 28) தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிய, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். "நல்லதாய்ப் போயிற்று, கட்சியில்லை, சண்டையில்லை" என்று நம் பெரியோர் மகிழ்ந்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,525, ஒன்றியங்கள் 388 இருந்தன. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பத்திரண்டு ஊராட்சிகள். முப்பத்திரண்டு ஊர்களின் குழாயும் விளக்கும் ஓர் அலுவலரின் மேசையில்! தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால், 2016க்குப் பிந்தைய அந்த இடைவெளியில் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டதை இந்தப் பெரியோர் அறிவார்களா? சண்டையில்லாத வீட்டில் அடுப்பும் எரியவில்லை. ஒன்றை மட்டும் இங்கே கவனியுங்கள். மன்றத்துக்குத்தான் ஐந்தாண்டு, கிராம சபைக்குக் காலவரையறை இல்லை. தலைவர் போனாலும் சபை கலைவதில்லை. தலைவரில்லாத நாளில்தான் அதற்கு வேலை அதிகம். நாமோ அந்த நாளிலும் வீட்டிலிருந்தோம்.

பெண்களைப் பற்றிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்தக் குழாயில் சேற்று நாற்றம் அடிக்கிறது என்பதை அறிந்தவர் யார்? முத்தவல்லியா? குடத்தைத் தூக்குகிறவளுக்கல்லவா தெரியும்! அவளைச் சபைக்கு அனுப்பமாட்டோம், பர்தா என்போம். 2023இல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தபோது, விண்ணப்ப முகாம்களில் நம் பெண்கள் வரிசையில் நின்றார்களே, அப்போது தடுத்த ஆண்மகன் எவர்? நியாய விலைக் கடை வரிசைக்கு ஆகுமென்ற பர்தா, நியாயம் கேட்கும் சபைக்கு ஆகாதென்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? நாம் ஓதிக்கொடுக்கும் கிதாபுகளில் அதைக் கண்டதில்லை. கலந்தாலோசனையின் பெயராலேயே ஓர் அத்தியாயம், 42ஆவது, திருமறையில் உண்டென்பதை மட்டும் கண்டிருக்கிறோம்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்தது. நம்மூர்களில் அது படும் பாட்டைச் சுவரொட்டியிலேயே காணலாம். வேட்பாளர் பெயர் சிற்றெழுத்தில். கணவரின் படம் முழம் நீளத்தில். வென்றபின் நாற்காலியில் அமர்பவரும் அவரே. மனைவிக்கு வாக்களித்தோம், கணவர் ஆள்கிறார். ஒரு ஜமாஅத்தில் இப்படி ஒருவர் பிறருடைய பொறுப்பில் வந்து உட்கார்ந்தால் விடுவோமா? கஞ்சிக் கணக்கு நினைவிருக்கட்டும்.

செய்தி வருவதில்லை என்பது இன்னொரு சாக்கு. முன்பு தண்டோரா போட்டார்கள். அதைச் சுமந்தவர்களின் இழிவு தீர வேண்டுமென்று, தண்டோரா முறைக்குத் தடை விதித்து, ஒலிபெருக்கி வண்டியால் அறிவிக்கும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மிகச் சரியான முடிவு. ஆனால் அந்த வண்டி எமதூருக்கு எந்த நாளில் வந்தது என்று நாம் கண்டதில்லை. போகட்டும், நம்மிடம் ஒலிபெருக்கி இல்லையா? மௌத்துச் செய்தியை ஐந்து நிமிடத்தில் ஊர் முழுதும் அறிவிக்கிறோம். கைப்பேசிக் குழுவில் கல்யாணப் பத்திரிகை வருகிறது, காஸா வருகிறது, காணாமற்போன ஆடு வருகிறது. ஊராட்சிப் பலகையில் ஒட்டிய தாள் மட்டும் வருவதில்லை. நம் மாத இதழ்களையும் விட்டுவைப்பதற்கில்லை. இருபதாண்டுகளாக இப்பக்கங்களில் எழுதுகிறோம். கர்டோவாவின் தெருவிளக்குகளைப் பற்றி இரண்டு முறை எழுதிப் பாராட்டுக் கடிதங்களும் பெற்றோம். எமதூர்த் தெருவிளக்கைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை. நமக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெரியவரிடம் வருவோம். மே மாதக் கூட்டம் முடிந்த சில நாள்களுக்குப்பின் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "கஞ்சிக்கு அவ்வளவு கேட்டீர்களே மாமா, அங்கே ஏன் வரவில்லை?" என்று வினவினோம். நெடுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். "பள்ளிவாசலில் என் பேச்சை நாலுபேர் கேட்பார்கள், ஹஜரத். அங்கே என்னை யார் மதிப்பார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு நம்மிடம் நல்ல பதிலும் இல்லை. நாமும் வருகிறோம், பக்கத்தில் அமர்கிறோம் என்று மட்டும் சொன்னோம்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்து சபை கூடியது. பெரியவர் வெள்ளைச் சட்டை, தொப்பியுடன் முன்வரிசையிலேயே அமர்ந்துகொண்டார். அவருடைய மருமகளும் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு பெண்களும் பின்னால் இருந்தார்கள். செயலர் வழக்கம்போல் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். பெரியவர் கையை உயர்த்தினார். "தம்பி, பிளீச்சிங் பவுடர் என்று ஒரு தொகை சொன்னீர்களே, அது எந்தத் தெருவில் தூவினது? எங்கள் தெருவில் நான் வாசலிலேதான் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணில் படவில்லையே!" என்றார். பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி, "எங்க பக்கமும் வரல்லீங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. செயலர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் இரண்டு பக்கம் பின்னே புரட்டினார்.